தொடக்கூடாத போத்தல்

1976 ஜனவரி 11, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பத்துப் பேர் நடுவில் என்னை நிறுத்தி, "என்னா ரட்ணம், இன்னைக்கும் தண்ணியில கோலம் போடப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தண்ணியில் கோலமாம்! அவர் தினமும் முழங்கையை ஊன்றிக்கொண்டு தூங்குகிற செக்ரோல் வருகைப் புத்தகத்தின் அட்டையில் மேகம் மேகமாக, மயில் கழுத்து மாதிரி ஓடுகிறதே மாபிள் கடதாசி, தண்ணீரில் மிதக்கிற வண்ணத்தைத் தாளில் ஒற்றி எடுத்தது, அது யார் போட்டது? அரசாங்கம் வெளிநாட்டுச் சாமானை நிறுத்தியதிலிருந்து சீமைக் கடதாசி ஒரு தாள் இந்த மலைக்கு ஏறவில்லை. இலங்கை முழுவதும் இந்த வேலை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் செத்துவிட்டார். ஒருவருக்குக் கை நடுங்குகிறது. மிச்சம் நான்.

இதையெல்லாம் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றேன். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பின்னேரம் என் கடதாசி வகுப்பு. எட்டுப் பெண்களும் வந்தார்கள். போன ஜூனில் பழைய குதிரைக் கொட்டிலைத் தேயிலைத் தோட்டத்து நிர்வாகத்திடம் கேட்டு வாங்கித் தொடங்கியபோது ஒரு மாதம் நிற்காது என்றார்கள். எட்டாவது மாதம் நடக்கிறது. கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள் தகரத் தட்டில் ஈர்க்குச் சீப்பை இழுக்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

கறுப்புக்கு விளக்குக் கரி. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ரயில் பாதை வெட்டிய மண். நீலத்துக்கு வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். தண்ணீரைக் கொழகொழப்பாக்க மடு மாதா திருநாளுக்குப் போனபோது மன்னாரில் வாங்கி வந்த கடற்பாசி. எல்லாவற்றுக்கும் மேலே என் மருந்து. அது ஒரு சொட்டுக் கலக்காவிட்டால் வண்ணம் தண்ணீரின் மேல் விரியாது, கல் மாதிரி அடியில் போய் உட்காரும். போத்தலில் நானே ஒட்டியிருக்கிறேன்: "மரியரட்ணம் மருந்து. தொடக்கூடாது."

உள்ளே இருப்பது மாட்டுப் பித்து, பித்தப்பையில் இருக்கிற பச்சை நீர். தலவாக்கலை இறைச்சிக்கடையில் மாதம் ஒரு தடவை சொல்லிவைத்து வாங்குவது. எட்டுப் பேரில் ஏழு பேர் இந்துக் கோயிலுக்குப் போகிறவர்கள். பித்து என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே மருந்து. பொய்யில்லை, மருந்துதானே? அதை வடிகட்டிப் போத்தலில் நிரப்புகிற வேலையை மட்டும் அம்மாக்கண்ணுவிடம் விட்டிருக்கிறேன். என் மூக்கு நுட்பமான மூக்கு.

இந்த மாதப் பித்து முதல் தரம். போத்தலைக் குலுக்கினால் நுரை இறங்கவே மாட்டேன் என்கிறது. நல்ல புல் தின்ற மாடு.

ஜனவரி 12

கொட்டிலுக்குப் பின்னால் பூசணி பதினேழு காய் பிடித்திருக்கிறது. அக்கா ஐவி பதினொன்று என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது. எல்லாம் என் கை ராசி.

ஜனவரி 18, ஞாயிறு

பழனியாண்டி கூத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாசியில் காமன் கம்பம் நட்டால் பதினெட்டு நாள் கூத்துக்கும் வாத்தியார் அவர்தான். ரதி அழுகிறதும் மதன் எரிகிறதும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கையெழுத்துத் தாள்கள், மூலையெல்லாம் எலி தின்றது. சாக்கு ஊசியால் தைத்து வைத்திருக்கிறார், கோபம் வந்தது எனக்கு. புத்தகமா, உரச் சாக்கா?

"கம்பத்துக்கிட்ட வச்சிப் பூசை பண்ணுற புத்தகம் ரட்ணம். நல்லா செஞ்சி குடு. என் மருமக இங்க படிக்கிறாளேன்னுதான் ஒங்கிட்ட குடுக்கிறேன்."

மருமகள் என்றது பூரணியை. வகுப்பில் வாய் நீளமானவள் அவள்தான்.

"பெரிய தொரசாணி லண்டன்ல இருந்து வந்து என் கையப் புடிச்சி சொல்லிக் குடுத்த வேல வாத்தியாரே. ஒம்ம புத்தகம் நூறு வருசம் நிக்கும்" என்றேன்.

பூரணி குனிந்து தட்டைக் கழுவிக்கொண்டே, "போன மாசம் இத்தாலி சாமியார் சொல்லிக் குடுத்தார்னீங்க மாமா" என்றாள்.

இரண்டு பேரும் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடாதா? என்ன கேள்வி இது?

ஜனவரி 25, ஞாயிறு

கூத்துப் புத்தகத்துக்குக் கடதாசி எடுத்தோம். பாசித் தண்ணீர் நேற்றே காய்ச்சி ஆறியது. தாளுக்குப் படிகாரம் தடவிக் காயவைத்தது பூரணி. வண்ணத்தில் மருந்து கலந்தது அம்மாக்கண்ணு. சீப்பை இழுத்தது நான் என்று எழுத ஆசை. உண்மையில் அதுவும் அம்மாக்கண்ணுதான். ஐம்பது வயசாகிறது, விரல் மடங்காததால் தோட்டத்தில் அவளுக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான், போடுகிறார்கள். ஆனால் சீப்பு அவள் கையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு ஓரத்திலிருந்து தாளைச் சாய்த்து இறக்கினோம். தூக்கியபோது கறுப்பும் காவியும் கலந்து சாம்பல் பறக்கிற மாதிரி வந்திருந்தது.

"மதன் எரிஞ்ச சாம்பலு" என்றாள் பூரணி.

மிச்சத் தண்ணீரை வழக்கம்போலப் பூசணிப் பாத்திக்கு ஊற்றினோம். இது என் சட்டம். கொட்டிலை ஒட்டிய வடிகால் கானுக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது. கான் ஓடைக்குப் போகிறது, ஓடை கீழ் லயத்து வீடுகள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிறது. அங்கே நாற்பது வீடு குடிக்கிறது.

ஜனவரி 31

புத்தகம் கொடுத்தாயிற்று. பழனியாண்டி கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னைக் கும்பிட்டார். (கும்பிடவில்லை. தலையை ஆட்டினார். ஆனால் பெரிய ஆட்டு.)

பிப்ரவரி 3

நுவரெலியாவிலிருந்து கடிதம். குடிசைக் கைத்தொழில் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அரசாங்க வகுப்பாகப் பதிவு செய்வார்கள். கொட்டிலைத் தோட்டம் பிடுங்க முடியாது. பயிற்றுநர் எட்டாம் வகுப்புச் சித்தியடைந்திருக்க வேண்டுமாம்.

நான் எட்டுக்குப் பக்கத்தில்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

அதிகாரி வந்தார். செல்வரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு. நல்ல மனிசன்தான். எல்லாத் தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமையான வேலை, மாஸ்டர். இதை எங்க பழகினனீங்கள்?" என்றார். கண்டி அச்சுக்கூடத்தில் இருபது வருஷம் தலைமை பைண்டர் என்றேன். பூரணி இருமினாள்.

பிறகு பையிலிருந்து ஒரு டின் எடுத்தார். எனாமல் பெயின்ட். "ஏன் இவ்வளவு கஷ்டப்படுறியள்? இதை மண்ணெண்ணெயில கரைச்சு வெறும் தண்ணியில ஊத்துங்கோ. பாசியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அஞ்சு நிமிசத்தில தாள் ரெடி. திணைக்களமே தரும்."

"அந்தத் தண்ணிய எங்கங்க ஊத்துறது?" என்று கேட்டேன்.

"கானுக்குள்ளதான்."

கானுக்குள்! எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மண்ணெண்ணெயையும் ஈயத்தையும் நாற்பது வீட்டுக் குடிதண்ணீரில் விடச் சொல்கிறார், அதுவும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு! நான் தட்டைத் தட்டிச் சொன்னேன்: "ஐயா, என் வேலையில இருக்கிறது எல்லாம் மண்ணு, புகை, கடலு, மாடு. குடிச்சாலும் ஒருத்தன் சாக மாட்டான்!"

"மாடோ?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாமே! யார் கேட்டது? அவர் புருவத்தைத் தூக்கினார், எனக்கு வாய் நிற்கவில்லை. போத்தலைத் தூக்கிப் பிடித்து, "மாட்டுப் பித்து ஐயா, சுத்தமான மாட்டுப் பித்து! ராணிக்குப் புத்தகம் கட்டினவனும் இதத்தான் போட்டான்!" என்றேன்.

திரும்பினேன். பூரணி கையில் வண்ணக் கிண்ணம். அதை மெதுவாகக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க மாமனாரு புத்தகத்துலயுமா?" என்றாள்.

பிப்ரவரி 9

அக்கா ஐவி சோற்றை வைத்துவிட்டு, "ஒனக்கு வாயி எதுக்குத் தம்பி? திங்கிறதுக்கு மட்டும் வச்சிக்கிட்டா ஆகாதா?" என்றாள்.

என் வீட்டிலேயே எனக்கு இந்த மரியாதை.

பிப்ரவரி 10

பழனியாண்டி வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கோயில் கமிட்டியில் இரண்டு பேர் கூட. புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்து படியில் வைத்தார். கையால் கொடுக்கவில்லை.

"கம்பத்துக்குப் பக்கத்துல வைக்கிற புத்தகத்துல மாட்டுப் பித்த பூசிட்டியே ரட்ணம். ஒனக்கு எங்க சாமின்னா வெளையாட்டா?"

எனக்கு ஆத்திரம். "கம்பத்துக்கிட்ட அடிக்கிறீங்களே தப்பு, அதுல கட்டினது என்னா தோலு வாத்தியாரே? பூசணிக்காத் தோலா?" என்றேன்.

"தப்பு என்னான்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அடிக்கிறோம். நீ மருந்துன்னு சொன்ன."

போய்விட்டார்.

அட்டையைப் பிய்த்துவிட்டு வெறும் பழுப்புத் தாள் போட்டுத் தர வேண்டுமாம், மார்ச் மூன்றுக்குள். கம்பம் நடுகிற நாள்.

பிப்ரவரி 12

பிய்க்கவில்லை. கத்தியை எடுத்தேன், வைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வகுப்பு நாள். இரண்டு மணிக்குத் தட்டில் தண்ணீர் வைத்தேன். மூன்றுக்கும் யாரும் இல்லை. அம்மாக்கண்ணுவும் இல்லை. எட்டு முக்காலியும் சும்மா.

நாலு மணிக்குப் பூரணி வந்தாள், தனியாக, வாசல் வரை.

"மாமா, நான் ஒண்ணு சொல்லவா? அந்தத் தொரை விட்டுட்டுப் போன டின்னே நல்லது. மாடும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. அதுல செய்யிறதுன்னா எட்டுப் பேரும் வருவாங்க. மாமனாருகிட்ட நான் பேசுறேன்."

"கானுல போயிரும் பூரணி. ஒங்க பீலிதான்."

"ஒரு டின்னு தண்ணியில என்னா ஆயிரப் போவுது? வகுப்ப மூடினா இந்தக் கொட்டில்ல திரும்ப ஒரம் அடுக்குவாங்க. அது மட்டும் நல்லதா?"

எட்டு மாதம் நான் வாய் கிழியச் சொன்ன சட்டம்! ஒரு டின் தண்ணீராம்! கத்தினேன். அவளும் கத்தினாள். "ஒங்க பித்து மட்டும் எங்ககிட்ட சொல்லாமக் குடுக்கலாம், இது ஆகாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கொட்டில் போய்விடும். இந்த மாத முடிவுக்குள் பெண்கள் திரும்பி வராவிட்டால் அதிகாரி "வகுப்பு இல்லை" என்று எழுதுவார், பெரிய கிளாக்கர் சிரித்துக்கொண்டே சாவியைக் கேட்பார். தெரிகிறது எனக்கு. தெரியாமலா இருக்கிறேன்?

பிப்ரவரி 16

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

இன்று மத்தியானம், ஆட்கள் மலையில் இருக்கும்போது, டின்னைத் திறந்தேன். ஒரு தாள். ஒன்றே ஒன்று. வந்தது. பளபளவென்று, மிட்டாய்க் கடை மாதிரி. கழுவும்போது தட்டு வழுக்கிக் கவிழ்ந்தது. எல்லாம் கானுக்குள். நீலமும் மஞ்சளுமாகத் தோல் விரித்துக்கொண்டு ஓடுகிறது! சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன், சாம்பலை அள்ளிக் கொட்டினேன், முழங்காலில் நின்று கையால் அணை கட்டினேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

ஓடையோடு பீலிவரை ஓடினேன். அம்மாக்கண்ணு குடம் வைத்துக்கொண்டு நின்றாள். குடத்தில் விழுகிற தண்ணீரின் மேல் மயில் கழுத்து. நான் எட்டு மாதமாகத் தட்டில் வரவைக்கப் பாடுபட்ட அதே மயில் கழுத்து.

அவள் குடத்தைக் கவிழ்த்தாள். என்னைப் பார்த்தாள். பீலிக்கு மேலே ஒரு கல்லை வைத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, லயத்துக்குள் போய் ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் நின்று சொன்னாள், இன்றைக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள் என்று. யார் செய்தது என்று சொல்லவில்லை. நான் நின்று கேட்டேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 18

அம்மாக்கண்ணு வீட்டுக்கு வந்தாள். கையில் என் போத்தல்.

"அண்ணே, முந்தாநேத்து நடந்தத பாத்துட்டு இனிமே நான் வாய மூடிக்கிட்டு இருக்க ஏலாது. இதுக்குள்ள பித்து இல்ல."

"பின்ன?"

"பெனெல. பூந்திக்கொட்ட. பங்களாவுல தொரசாணி கம்பளிச் சட்டைய நான்தான் தொவைச்சேன், அந்தக் கொட்டைய ஊறவச்ச தண்ணியில. கொத்மலைக்காரி ஒருத்தி சந்தைக்குக் கொண்டாருவா."

"எப்ப இருந்து?"

"போன ஆடியில இருந்து. ரெண்டாவது மாசம் வடிகட்டச் சொல்லி நீங்க குடுத்தீங்க பாருங்க, தொறந்ததும் தெரிஞ்சிருச்சி. நாலு வருசம் மாட்டுப்பட்டியில வேல செஞ்சவளுக்கு அந்த வாசம் தெரியாதா? தொட மனசு வரல. சொன்னா எல்லாம் போயிருவாளுக. அந்தச் சொட்டு விழுந்து வண்ணம் விரியிறதப் பாத்தேன், சவுக்காரம் மாதிரியே ஓடுச்சி. சரின்னு கொட்டைய ஊறவச்சிப் பாத்தேன். விரிஞ்சிச்சி."

"நான் மாசாமாசம் குடுத்த பித்து?"

"பூசணிக்கு."

பிப்ரவரி 19

என்னை ஏமாற்றியிருக்கிறாள். ஏழு மாதம்! என் பெயர் ஒட்டிய போத்தலில்! தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன், அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அது ஒரு சாக்கா? நான் மருந்தைப் பற்றிப் பேசாத ஞாயிறு உண்டா? எவ்வளவு பேசினேன்! அவள் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு--

சிரித்திருப்பாளா?

நுரை. நல்ல புல் தின்ற மாடு. இந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன். கிழித்துவிடலாமா?

பிப்ரவரி 20

கிழிக்கவில்லை. ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன், ஏன் இவ்வளவு பாடுபட்டாய், வகுப்பு போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என்று.

"மலையில அரைப்பேரு. வீட்டுல மகன் பொண்டாட்டி அதட்டுறா. இந்த ஒரு எடத்துலதான் அண்ணே 'அம்மாக்கண்ணு, இங்க வா, இதச் செஞ்சி காட்டு'ன்னு என்னையக் கூப்பிடுறாங்க" என்றாள்.

கோபம் குறையவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று நடந்ததில் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன். எனக்கு அது பழக்கமில்லை, நேரம் பிடிக்கும்.

அம்மாக்கண்ணு போய்க் கூப்பிட்டாள். பெண்கள் வந்தார்கள். பழனியாண்டியும் கமிட்டியில் இரண்டு பேரும் வந்தார்கள். போத்தலில் இருப்பது கடையில் வாங்கிய பித்து இல்லை என்று காட்ட, அவள் எல்லார் முன்னாலும் கொட்டையை உடைத்து, தோலைச் சுடுதண்ணீரில் பிசைந்து வடிகட்டினாள். முதலில் வெறும் காவி வண்ணத்தைத் தட்டில் சொட்டினாள். கடுகாகச் சுருங்கி அடிக்குப் போனது. பிறகு அவளுடைய தண்ணீரைக் கலந்து ஒரு சொட்டு. தேத்தண்ணிக் கோப்பைத் தட்டு அளவுக்கு விரிந்தது. "அடியே!" என்றாள் ஒருத்தி.

பழனியாண்டி தாடையைத் தடவினார். "இப்ப செய்யிற, சரிம்மா. என் புத்தகத்துல போட்டதும் இதுதான்னு எப்பிடி நம்புறது? நீ நல்லவ. வகுப்பக் காப்பாத்த ஒரு பேச்சுக்குச் சொல்லலாமில்ல?"

"மாட்டுப் பித்த அங்கதான் கொட்டினேன், பூசணிப் பாத்திய தோண்டிப் பாருங்க" என்றாள். பூரணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தோண்டினால் என்ன இருக்கும், மண்தான் இருந்தது, கறுப்பாக, கொழுத்த மண்.

பழனியாண்டி என் பக்கம் திரும்பினார்.

"ரட்ணம். நீ இந்த வேலையில பெரிய ஆளு. நீயே சொல்லியிருக்க. ஏழு மாசமா மருந்து மாறியிருந்தா ஒனக்குத் தெரியாமப் போவுமா? தெரியும்னா இவ பொய் சொல்லுறா. நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய கிளாக்கர் வேறு கதவோரம் வந்து நிற்கிறார், அவரை யார் கூப்பிட்டது? எனக்கு வாயில் ஒரு கதை தயாராக இருந்தது. நான்தான் அவளிடம் மாற்றச் சொன்னேன், சோதனைக்காக, இரகசியமாக. அழகான கதை. எல்லாரும் நம்புவார்கள். அம்மாக்கண்ணுவும் ஆமாம் என்று தலையாட்டுவாள். அவள் முகத்தில் தெரிந்தது, ஆட்டத் தயாராக இருந்தாள்.

ஆனால் பதினைந்து நாளைக்கு முன்னால் இதே கொட்டிலில் நானே போத்தலைத் தூக்கிப் பித்து பித்து என்று கூவினேனே. சோதனை செய்கிறவனா அப்படிக் கூவுவான்? இன்னும் ஒரு கதை கேட்டால் பழனியாண்டி துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்.

"தெரியலப்பா" என்றேன்.

"என்னா?"

"எனக்கு வித்தியாசம் தெரியல. நுரை வந்துச்சி, நல்ல மாடுன்னு நெனைச்சேன்."

முதலில் பெரிய கிளாக்கர்தான் சிரித்தார். பிறகு பெண்கள். பழனியாண்டி சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார்.

"கண்டியில தலைமை பைண்டரு நானில்ல வாத்தியாரே. அது லியனார்டுன்னு ஒருத்தரு. நான் பதினோரு மாசம் பசை காய்ச்சினேன், கூட்டினேன். அவரு போத்தல்ல பித்து இருந்துச்சி, பாத்தேன். அதான் அது இல்லாம ஆகாதுன்னு நெனைச்சிட்டேன். ஒங்ககிட்ட மறைச்சது தப்பு."

பூரணிதான் காப்பாற்றினாள்.

"அப்ப பூசணி? ரட்ணம் மாமாவோட கை ராசின்னாங்களே!"

"அந்தப் பூசணியதானே நமக்கெல்லாம் வெட்டிக் குடுத்தாரு" என்றாள் இன்னொருத்தி. "கொழம்பு வச்சித் தின்னோமே!"

கமிட்டிக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பழனியாண்டி முதல் தடவையாகப் பல்லைக் காட்டி, "எரு எருதான்யா. நம்ம வீட்டுக் கத்திரிக்காய்க்கு என்னா போடுறோம், பன்னீரா?" என்றார். குனிந்து அந்தத் தட்டில் விரிந்திருந்த வண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தச் சாம்பல் அட்டையப் பிச்சிட்டியா ரட்ணம்?"

"இல்ல."

"பிய்க்காத."

பிப்ரவரி 23

காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவர்கள் என்னைப் பார்த்து "நல்ல மாடு!" என்கிறார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். மறக்காவிட்டாலும் என்ன செய்வது.

பிப்ரவரி 25

நுவரெலியா போனேன், பஸ்ஸில், டின்னை மடியில் வைத்துக்கொண்டு. செல்வரத்தினம் ஐயாவின் மேசையில் வைத்து, பீலியில் நடந்ததைச் சொன்னேன். என் கையால் நடந்தது என்றே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது வீடோ?" என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. பெனெலத் தண்ணீரில் எடுத்த தாளைக் காட்டினேன். விண்ணப்பப் படிவம் தந்தார்.

எட்டாம் வகுப்பு விஷயம் கேட்டேன். "உண்மையை எழுதுங்கோ, பாப்பம்" என்றார். பாப்பமாம்! இவ்வளவு தூரம் வந்ததற்குப் பாப்பம்!

மார்ச் 3

காமன் கம்பம் நட்டார்கள். பழனியாண்டி புத்தகத்தைக் கம்பத்தடியில் வைத்தார், அட்டை மேலே தெரிய. நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். தப்பு அடித்தார்கள். அடிக்கிறவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஏப்ரல் 4, ஞாயிறு

எட்டுப் பேரும் வந்தார்கள், புதிதாக இரண்டு பேர். பதிவுக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படிவத்தில் பயிற்றுநர் பெயருக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள். இரண்டு பேர் இருக்கக்கூடும் என்று அரசாங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை! நான் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன். என் தகுதி: ஐந்தாம் வகுப்பு. அம்மாக்கண்ணுவின் தகுதி என்ன என்று எழுதுவது? யோசித்து, "மருந்து இவருடையது" என்று எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். அதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று என்னைப் படாத பாடு படுத்திவிட்டாள். கொட்டையை விதையோடு ஊறவைத்தேனாம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேனாம். "தோலு மட்டும் அண்ணே, எத்தன தடவ சொல்லுறது? கை பொறுக்கிற சூடு. அஞ்சி நாளைக்கு மேல வைக்காதீங்க, புளிச்சிரும்." வந்து சேர்ந்த புதியவர்கள் முன்னால்! கண்டியில் பதினொரு மாதம் பசை காய்ச்சியவனுக்கு! தட்டை வேறு என்னைக் கழுவச் சொன்னாள். கழுவினேன், பூசணிப் பாத்தியில் ஊற்றினேன்.

போத்தலில் பழைய சீட்டை நேற்று ஊறவைத்துச் சுரண்டிவிட்டேன். புதிது ஒட்டினேன். அவள் வடிகட்டியதை நிரப்பும்போது பார்த்தாள்.

"என்னா அண்ணே எழுதியிருக்கீங்க? தொடக் கூடாதுன்னா?"

"ஒம் பேரு."

சீட்டை விரலால் ஒரு தடவை தொட்டாள், ஈரமா என்று பார்க்கிற மாதிரி. போத்தலை இறாக்கைப் பலகையில் வைத்தாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பி வந்து, எழுத்து வாசல் பக்கம் தெரியும்படி அதைத் திருப்பி வைத்தாள்.